முழங்காலுக்கு வந்த சாமி

மாமா பயப்படாத பொருள் என்று ஏதாவது உண்டா என்று நானும் பல நாள் யோசித்திருக்கிறேன். கத்தரிக்காய்க்குப் பயப்பட மாட்டார். ஆனால் அத்தை அதை நறுக்கும்போது உள்ளே புழு நெளிந்தால் அடுப்படியை விட்டு வாசலுக்கு வந்துவிடுவார். இடி, பல்லி, தவளை, சண்டைச் சேவல், அம்மை குத்த வருகிற உத்தியோகஸ்தர் எல்லாவற்றுக்கும் பயம். அம்மை குத்துகிறவர் ஊருக்குள் வருகிறார் என்று தெரிந்தால் வைக்கோல் போருக்குள் போய்விடுவார். முகம் மழிக்க உட்கார்ந்தால் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, மழிக்கிறவரின் தொடையைப் பிடித்துக்கொள்வார். "காலை விடுங்க சாமி, எனக்குத்தான் இப்பப் பயமா இருக்கு" என்பார் அந்த மனுசர்.

அவர் எனக்குத் தாய்மாமன் முறை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் இருந்த உறவு அறுந்துபோன பிறகு, அவரைக் கேலி பண்ணுவதுதான் என் முழுநேர வேலையாக இருந்தது. அவருக்குப் பெண்பிள்ளை கிடையாது. இருந்திருந்தால் நான் இவ்வளவு வாய் பேசியிருக்க மாட்டேன்.

"மாமா, தோள்ல பல்லி" என்பேன். மாமா ஒரு குதி குதிப்பார். துண்டை உதறுவார். பல்லி இருக்காது. மறுநாளும் சொல்வேன். மறுநாளும் குதிப்பார். அவர் குதிக்கிற வரைக்கும் எனக்குச் சலிக்காது.

இந்த மனுசர் மேல்தான் கருப்பர் இறங்குவார்.

குன்றாண்டார்கோவிலுக்குக் கிழக்கே எங்கள் ஊர். ஊர் எல்லையில் அய்யனார் கோவில். அய்யனாருக்குக் காவல் கருப்பர். கருப்பருக்குச் சாமியாடி மாமா. அவர் அப்பா ஆடினார், அந்த வழியில் இவருக்கு வந்தது. சல்லடம் என்கிற சாமியாடி அரைக்கால்சட்டையும் இடுப்புக் கச்சையும் கட்டி, உடுக்கைச் சத்தம் காதில் விழுந்துவிட்டால் மாமா மாமாவாக இருக்க மாட்டார். ஆளுயர அருவாளின் வாய் மேல் ஏறி நிற்பார். எரிகிற தீப்பந்தத்தை நெஞ்சில் தடவுவார். ஊரையே அதட்டுகிற எங்கள் ஊர்த்தலைவர் அம்பலம், அந்த நேரம் மாமாவின் முன்னால் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பார். சாமி மலையேறிய பிறகு மாமா கண்ணைத் திறந்து முதலில் கேட்பது, "எவண்டா என் வாயில சுருட்ட வச்சது? நாத்தம் கொடலப் பொரட்டுது."

கால் உடைந்த கதைக்கு வருகிறேன். யுத்த காலம் அது. மாமா தன் கடலைக் கொல்லைக்கு மாடு பூட்டிக் கமலையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். மாடு பின்னால் நடந்து வரும்போது கமலைக் கயிறு தொய்யும். அவர் பிறந்ததிலிருந்து தொய்கிற கயிறுதான். அன்றைக்கு அது தொய்ந்து, ஈரத்தோடு அவர் கணுக்காலில் வழுவழுவென்று உரசியிருக்கிறது. "நாகம்!" என்று ஒரு அலறல். பக்கத்துக் கொல்லையில் இருந்த நான் திரும்பிப் பார்க்கும்போது மாமா அந்தரத்தில் இருந்தார். விழுந்தது, கிணற்றுக் கட்டுக்காக அடித்துப் போட்டிருந்த செம்புறாங்கல் குவியல் மேலே. வலது முழங்கால் நேராகக் கல்லில். மாடுகள் ரெண்டும் நின்று திரும்பிப் பார்த்தன.

தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அத்தை பதறி வந்தாள்.

"என்னடா ஆச்சு?"

"மாமாவைக் கயிறு கடிச்சிருச்சு அத்தே."

எலும்புக்குக் கட்டுப்போடுகிறவர் வந்து முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். அவர் தொடுவதற்கு முன்னாலேயே மாமா அலறிவிட்டதால், எந்த இடத்தில் வலி என்று கண்டுபிடிக்க அவருக்கு நேரமாயிற்று. "சில்லு ரெண்டாக் கெடக்கு ஆத்தா. நடுவுல வெரல் போகுது. இது என் கட்டுக்கு அடங்காது. டவுனுக்குக் கொண்டுபோங்க" என்று எழுந்துவிட்டார்.

கரி பஸ்ஸில் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோனோம். அந்தக் காலத்தில் பெட்ரோல் ஏது, பின்னால் அடுப்பைக் கட்டிக்கொண்டு பஸ் ஓடும். மேடு வந்தால் நிற்கும், கரியைக் கிண்டுவார்கள், பிறகு ஓடும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் மாமா எங்கள் குலதெய்வத்தில் தொடங்கி அடுத்தவர்கள் குலதெய்வம் வரைக்கும் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, "அறுத்துத் தைக்கணும்" என்றார்.

"எதைங்க?" என்றார் மாமா.

"முழங்காலை."

"யாரோடதுங்க?"

டாக்டர் எங்களைப் பார்த்தார். நாங்கள் மாமாவைப் பார்த்தோம். மாமா கதவைப் பார்த்தார். ஓட முடியாது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

மயக்க மருந்தை மூக்கில் வைத்தவுடன் உள்ளேயிருந்து ஒரு உறுமல் கேட்டது. "எவண்டாது, என் எல்லைக்குள்ள கத்தி எடுத்தவன்?" அத்தை தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. திருமயம் பக்கத்துக் கம்பவுண்டர் ஒருத்தர் அங்கே இருந்தார். அவருக்கு விளங்கிவிட்டது. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, "சாமி, கோவப்படாம மலையேறுங்க. டாக்டருக்கு வேற சோலி கெடக்கு" என்று சொல்லியிருக்கிறார். சாமி மலையேறிற்று. இது கம்பவுண்டரே வெளியே வந்து எங்களிடம் சொன்னது.

உடைந்த சில்லை வெள்ளிக் கம்பி போட்டுத் தைத்திருந்தார்கள். மேலே இடுப்பு வரைக்கும் மாவுக்கட்டு. ஊர் முழுக்க வந்து பார்த்தது. "உள்ள வெள்ளியாமே? கொலுசு மாதிரியா, அரைஞாண் மாதிரியா?" என்று கேட்டார்கள். "அத்தைக்கு ஒரு மெட்டி வாங்கித் தரல, தான் மட்டும் முழங்காலுக்குள்ள போட்டுக்கிட்டாரு பாருங்க" என்று நான் எடுத்துக் கொடுத்தேன். மாமா எதற்கும் கோபப்படவில்லை. மாவுக்கட்டு இருந்த நாட்களில் அவர் மகாராஜா மாதிரி இருந்தார். கட்டுக்குள் இருக்கும் காலை யாரும் தொட முடியாது. பல்லி விழுந்தாலும் தெரியாது.

கட்டைப் பிரித்த அன்றுதான் சனியன் பிடித்தது. கால் காய்ந்த முருங்கைக்காய் மாதிரி ஆகிப்போயிருந்தது. நீட்டினது நீட்டினபடி. டாக்டர் நிதானமாகச் சொன்னார்: "தினமும் மடக்கணும். வலிக்கும். வலிச்சாலும் விடக்கூடாது. இப்ப விட்டீங்கன்னா அப்படியே இறுகிப்போகும். அப்புறம் ஆயுசுக்கும் கம்புதான்."

இத்தனையிலும் மாமா காதில் விழுந்தது ஒரே ஒரு சொல். வலிக்கும்.

அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலே அலறுவார். அடுத்த வீட்டுப் பசு பால் சுரப்பதை நிறுத்தியது. தூங்குகிற மாதிரி கிடப்பார். ஒருநாள் அத்தை விளக்கெண்ணெயைக் காய்ச்சி எடுத்து வந்து, அரை நாழிகை தேய்த்து, மெதுவாக மடக்கிப் பார்த்தாள். கால் அழகாக மடங்கியது. "மடங்குதுடா மாப்ளே!" என்று ஆனந்தமாகக் கூப்பிட்டாள். போய்ப் போர்வையை விலக்கிப் பார்த்தேன். நல்ல காலைக் கொடுத்திருந்தார் மாமா.

நடை என்றால், கம்பை ஊன்றி, காலை வீசி, வட்டம் போட்டு ஒரு நடை. வாசலில் உட்கார்ந்தால் கால் தெருவுக்கு வந்துவிடும். கோழிகள் அதன் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கும். காலையில் ஒதுங்கப் போவதுதான் பெரும்பாடு. ஒரு பனங்கன்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, அந்தக் காலை மட்டும் முன்னால் நீட்டிக்கொண்டு, ஒரு தினுசாக இருப்பார். குன்றாண்டார்கோவிலுக்கு வழி தேடி வந்த அசலூர்க்காரர் ஒருவர், மாமாவின் கால் காட்டிய திசையிலேயே நடந்து சரியாகப் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்தேன்.

அப்போதுதான் புரவி எடுப்புக்கு நாள் குறித்தார்கள்.

எங்கள் ஊரில் வேளார்தான் மண் குதிரை செய்கிறவர். கோவிலுக்குப் பூசாரியும் அவரே. புரவி எடுப்பு அன்று குதிரைகளை வேளார் வீட்டு வாசலிலிருந்து தோளில் தூக்கிக்கொண்டு கோவிலுக்குப் போக வேண்டும். அதற்கு முன்னால், முதல் குதிரைக்கு எதிரே கருப்பர் வலது முழங்காலை மடக்கித் தரையில் ஊன்றி, வேளார் கையால் அருவாளை வாங்க வேண்டும். முழங்கால் மண்ணில் பட்டால்தான் குதிரை நகரும். படாவிட்டால் நகராது. எங்கள் ஊர் வழக்கம் அது.

அம்பலம் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டார். "தப்பா நெனைக்காதப்பா. காலு மடங்குனா நீ ஆடு. மடங்கலேன்னா ஒங்க பங்காளி கச்சயக் கட்டட்டும். சாமி காரியம் நிக்கக் கூடாது."

பங்காளி கீழத்தெருக்காரர். மீசையை முறுக்குவதற்கென்றே இடது கையைச் சும்மா வைத்திருப்பவர். அவர் ஏற்கெனவே புதுச் சல்லடம் தைக்கக் கொடுத்துவிட்டார் என்று சேதி வந்தது. ஒருமுறை அங்கே போனால் அந்த உரிமை திரும்பி வராது. அது எல்லோருக்கும் தெரியும்.

"போனா போகட்டுமே மாமா. அருவா மேல ஏறுற வேலை மிச்சம். நிம்மதியாக் கால நீட்டிக்கிட்டு இருங்க" என்றேன், வழக்கமான வாயில்.

மாமா சிரிக்கவில்லை. தெருவில் நீண்டிருந்த காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, ஒனக்குத் தெரியாது. விடிஞ்சா எந்திரிக்கப் பயம், பொழுதடஞ்சா தூங்கப் பயம், எனக்கு. பயமில்லாம நான் இருக்குறது அவரு எம்மேல வந்து நிக்கிற அந்தச் செத்த நேரந்தாண்டா. அதையும் அவன் கொண்டுபோயிட்டான்னா, நான் வருசம் பூராப் பயந்துக்கிட்டேல்ல கெடக்கணும்?"

எனக்குப் பல்லி என்று சொல்லக்கூட வாய் வரவில்லை.

ரெண்டு நாள் கழித்து, உடுக்கைக்குப் புதுத்தோல் கட்டிய வேளார், சத்தம் எப்படி இருக்கிறது என்று பார்க்க எங்கள் தெருவில் நின்று நாலு தட்டுத் தட்டினார். மாமா கட்டிலில் உட்கார்ந்து கம்மங்கூழ் குடித்துக்கொண்டிருந்தார். கிண்ணம் உருண்டது. கண் மேலே போயிற்று. ஒரு உறுமல். கட்டிலிலிருந்து குதித்து இறங்கினார். பனங்கிழங்கை ஒடிக்கிற மாதிரி ஒரு சத்தம். கால் மடங்கியது! அரைக்கால்வாசிதான். ஆனாலும் மடங்கியது.

வேளார் உடுக்கையை நிறுத்தினார். மாமா கண்ணைத் திறந்தார். "ஆத்தாடி! எவண்டா என் காலத் தொட்டது?"

அத்தையும் நானும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். யார் முதலில் நினைத்தது என்று இன்றைக்கும் எங்களுக்குள் தகராறு உண்டு.

அடுத்த நாள் விடிந்ததும் வேளாரைக் கூட்டிவந்தேன். அத்தை சாம்பிராணி போட்டாள். உடுக்கை அடித்தது. கருப்பர் வந்தார். அத்தை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "வந்ததுதான் வந்தீக சாமி, அந்தக் காலைச் செத்த மடக்கி விட்டுட்டுப் போங்க" என்றாள். கருப்பர் உறுமிக்கொண்டே மடக்கினார். அவர் மலையேறியதும் மாமா தரையில் உருண்டார்.

"அவருக்கென்ன, மடக்கிட்டு மலையேறிப் போயிருவாரு! இங்க கெடந்து அனுபவிக்கிறவன் நானுல்ல!"

தினமும் இதேதான். கருப்பர் வருவார், மடக்குவார், போவார். மாமா வருவார், அழுவார், கூழ் குடிப்பார். கால் அரைவாசி மடங்கியது, முக்கால்வாசி மடங்கியது. டவுனுக்குக் கூட்டிப்போனபோது டாக்டர் அசந்துபோனார்.

"பரவாயில்லையே! என்ன செஞ்சீங்க?"

"உடுக்கை அடிச்சோம் சார்" என்றேன்.

கம்பவுண்டர் பின்னாலிருந்து அவர் காதில் ஏதோ சொன்னார். "எதுவா இருந்தாலும் விட்டுறாதீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார் டாக்டர்.

இன்னும் கால்வாசிதான் பாக்கி. புரவி எடுப்புக்கும் நாள் நெருங்கிவிட்டது. அன்று காலை வழக்கம் போல் கருப்பர் வந்தார். அத்தையும் வழக்கம் போல், "சாமி, அந்தக் காலு" என்று தொடங்கினாள். ஒரு கையில் தயிர் கடைகிற மத்து வேறு.

கருப்பர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அத்தை கையிலிருந்த மத்து கீழே விழுந்தது.

"ஏ ஆத்தா! நான் எல்லையக் காக்க வந்தவனா, இல்ல ஒம் புருசன் கால மடக்க வந்தவனா? விடிஞ்சா கூப்புடுறிய, கூப்புட்டா மடக்குன்னு சொல்லுறிய. அவன் காலு, அவனே மடக்கட்டும். இனி இதுக்குக் கூப்புட்டா வரமாட்டேன். இது சத்தியம்!"

மலையேறிவிட்டார். சொன்ன வாக்குத் தவறவில்லை. மறுநாள் வேளார் விரல் வீங்க உடுக்கை அடித்தார். மாமா கட்டிலில் உட்கார்ந்து கொட்டாவி விட்டார். அதற்கு மறுநாளும் அப்படியே. அத்தை மூலையில் உட்கார்ந்து அழுதாள். "நாந்தான் வேலை வாங்கிப்புட்டேன். சாமிய வேலை வாங்கிப்புட்டேன்."

என்ன சொல்லிற்று சாமி என்று மாமா கேட்டார். சொன்னோம். "அவனே மடக்கட்டும்னாரா?" என்று ரெண்டு தரம் கேட்டுக்கொண்டார்.

அடுத்தடுத்த நாள் காலையில் அவர் மாட்டுக்கொட்டகைக்குள் போய்ப் படலைச் சாத்திக்கொள்வதைப் பார்த்தேன். உள்ளேயிருந்து, "ஆத்தாடி... யாத்தே... ஐயோ..." என்று முனகல் கேட்டது. சினை மாடு கன்று போடுகிறதாக்கும் என்று முதல் நாள் அத்தை வெந்நீர் போட ஓடினாள். கொஞ்ச நேரத்தில் மாமா வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தார்.

"உள்ள என்ன மாமா சத்தம்?"

"மாட்டுக்கு வைக்கலு போட்டேன்."

"மாடு ஆத்தாடின்னு கத்துச்சே?"

"அந்த மாடு அப்புடித்தான்" என்று சொல்லிவிட்டுக் கம்பை ஊன்றிப் போய்விட்டார்.

புரவி எடுப்பு அன்று வெயில் சாய்ந்த நேரம். வேளார் வீட்டு வாசலில் குதிரைகள் வெள்ளையடித்து, மாலை போட்டு, பல்லைக் காட்டிக்கொண்டு நின்றன. சுத்துப்பட்டு ஊரெல்லாம் வந்திருந்தது. மாமா பழைய சல்லடத்தைக் கட்டிக்கொண்டு முதல் குதிரைக்கு எதிரே நின்றார். நாலடி தள்ளிப் பங்காளி, புதுச் சல்லடம் தெரியாமல் இருக்க மேலே வேட்டியைச் சுற்றிக்கொண்டு நின்றார். வேட்டிக்குக் கீழே சிவப்புக் கரை எட்டிப் பார்த்தது.

விழுந்தால் பிடிப்பதற்காக நான் மாமாவுக்கு அருகில் நின்றேன். மேளம் அடித்தது. உடுக்கை அடித்தது. பெண்கள் குலவை போட்டார்கள். நான் மாமாவின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண் மேலே போகவே இல்லை. உறுமலும் இல்லை. அந்த முகத்தை எனக்குத் தெரியாதா? தோளில் பல்லி என்று சொன்னவுடன் வருமே, அதே முகம். வைக்கோல் போருக்குள் ஒளிகிற முகம். கருப்பர் வரவில்லை.

கூட்டம் காத்திருந்தது. பங்காளியின் கை வேட்டி முடிச்சுக்குப் போயிற்று.

மாமா கீழ் உதட்டைக் கடித்தார். வலது காலை மடக்கத் தொடங்கினார். மெதுவாக. கால்வாசி. அரைவாசி. அத்தனை சத்தத்துக்கும் நடுவில் அந்தச் சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. "ஆத்தாடி." இன்னும் கொஞ்சம். "ஆத்தாடி." கண்ணிலிருந்து நீர் இறங்கி மூக்கு நுனியில் நின்றது. நான் கையை நீட்டப் போனேன். "தொட்டே, கொன்னேபுடுவேன்" என்றார் பல்லுக்கு நடுவில்.

முழங்கால் மண்ணில் பட்டது.

குலவை வானத்துக்குப் போயிற்று. வேளார் அருவாளை நீட்டினார். மாமா வாங்கினார். அதையே ஊன்றி எழுந்தார். எழுந்து நின்ற பிறகுதான் கண் மேலே போயிற்று. பிறகுதான் அந்த உறுமல் வந்தது. வேலையெல்லாம் முடிந்த பிறகு கருப்பர் வந்து சேர்ந்தார். குதிரைகள் நகர்ந்தன. கோவில் வரைக்கும் அந்தக் காலோடு அவர் ஆடிய ஆட்டத்தைப் பார்த்த பங்காளி வேட்டியை அவிழ்க்கவே இல்லை.

மறுநாள் போனேன். மாமா கட்டிலில் கிடந்தார். முழங்கால் பூசணிப் பிஞ்சு அளவுக்கு வீங்கியிருந்தது. அத்தை நொச்சி இலையை வதக்கிக் கட்டிவிட்டு உள்ளே போனதும் கிட்டே போய் உட்கார்ந்தேன்.

"மாமா, நேத்து மடக்குனது கருப்பரா, நீங்களா?"

"கருப்பருதாண்டா."

"கருப்பரு ஆத்தாடின்னு சொல்லுமா மாமா?"

மாமா உள்ளே எட்டிப் பார்த்தார். அத்தைக்குக் கேட்கவில்லை என்று தெரிந்துகொண்டு கூரையைப் பார்த்தார். "இந்தக் காலுல வந்து ஏறுனா அவருக்கு மட்டும் வலிக்காதாடா?" என்றார்.

அப்போதுதான் கவனித்தேன். கூரையிலிருந்து ஒன்று விழுந்து, அவர் தோள்மேல் உட்கார்ந்திருந்தது.

"மாமா, தோள்ல பல்லி."

"போடா, ஒனக்கு வேற வேலை இல்ல" என்றார் மாமா. வாழ்க்கையிலேயே முதல்முறையாகக் குதிக்கவில்லை. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"மாமா, சத்தியமா. நெசப் பல்லி."

பல்லி கழுத்துக்கு ஏறியது.

அடுத்து நடந்தது என் கண்ணுக்குத் தெரியவில்லை. கட்டில் காலியாக இருந்தது. மாமா வாசலுக்கு நடுவில் ரெண்டு காலையும் முழுசாக மடக்கி, குதிகால் மேல், சம்மணம் மட்டும்தான் பாக்கி என்கிற மாதிரி, அழகாகக் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். கமலைக் கிணற்றடியில் கல் மேல் விழுந்த நாளிலிருந்து அவர் அப்படி உட்கார்ந்ததில்லை. அத்தை ஓடிவந்து, வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"மாமா! குத்தவச்சுட்டீங்க மாமா! வலிக்கலையா?"

மாமா கண்ணைத் திறக்கவில்லை.

"அது கெடக்கட்டும்டா. பல்லி போயிருச்சா?"